மூவர் சேர்ந்து எடுக்கும் வீடு: லாகோஸில் இருக்கும் மகளுக்கு

இபாடான்

அன்பு மகளுக்கு,

பட்டதாரிகள் செய்யும் நாட்டுச் சேவை ஆண்டு முடிந்த கையோடு வேலையும் கிடைத்து, யாபாவில் தோழிகளோடு சேர்ந்து வீடு எடுக்கப் போகிறாய் என்பதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். அந்த இரண்டு பெண்களையும் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். லாகோஸில் ஒரே வீட்டில் இருக்கும் சிநேகிதிகள் பெரும்பாலும் குணத்தால் பிரிவதில்லை, கணக்கால்தான் பிரிகிறார்கள். யார் எவ்வளவு போட்டார்கள், ரசீது யார் பெயரில் என்பதைக் குடிபோகும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகையில் தொடங்கு. ஆண்டு வாடகை 18 லட்சம் நைரா என்று வைத்துக்கொண்டால், தரகருக்குப் பத்து சதவீதம், ஒப்பந்தம் எழுதப் பத்து சதவீதம் என்று 3 லட்சத்து 60 ஆயிரம் கூடும். அதன்மேல் சேதத்துக்கான முன்பணம். அது 2 லட்சமென்றால் முதல் வருஷம் கையைவிட்டுப் போவது 23 லட்சத்து 60 ஆயிரம். தரகுப் பணம் திரும்பாது, முன்பணம் திரும்பும். இந்த இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால், நடுவில் ஒருத்தி கல்யாணமாகியோ வெளிநாடு போயோ விலகும்போது சண்டை வரும். விலகுபவள் தன் இடத்துக்கு மூவருக்கும் பிடித்த ஆளைத் தேடித் தர வேண்டும், வருகிறவள் மீதி மாதங்களுக்கான வாடகையையும் முன்பணப் பங்கையும் விலகுபவளுக்கே கொடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதிவையுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று பெயரும் இருக்கட்டும்.

இரண்டு வருஷ வாடகையை மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதே. 2011-ஆம் ஆண்டு லாகோஸ் வாடகைச் சட்டப்படி, புதிதாக வருபவரிடம் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்பதும் தவறு, கொடுப்பதும் தவறு. இகோயி, விக்டோரியா ஐலண்ட், அபாபா, இகேஜா ஜி.ஆர்.ஏ. ஆகிய இடங்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. நீங்கள் பார்க்கும் யாபா அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பகுதி. பணத்தை வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்பு. ஒரே வீட்டை நாலு பேருக்குக் காட்டி நாலு பேரிடமும் வாங்கிக்கொண்டு மறைகிற தரகர்கள் உண்டு.

வீட்டைப் பார்க்கும்போது தரையையும் பெயின்ட்டையும் பார்ப்பதற்கு முன் மீட்டரைப் பார். தனி பிரீபெய்ட் மீட்டர் இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாடகை கட்டும் முன்பே ஆயிரம் நைராவுக்கு டோக்கன் (மீட்டரில் பதிக்கும் ரீசார்ஜ் எண்) வாங்கிப் போட்டுப் பார். அதிக நேரம் மின்சாரம் தருவதாகச் சொல்லும் பேண்ட் ஏ பகுதியில் 2024 ஏப்ரலில் யூனிட் 68-லிருந்து 225 நைராவாக ஏறியது. பிறகு சற்று முன்பின்னாக மாறியிருக்கிறது. 225 என்றே வைத்தாலும், 7.5 சதவீத வரி போக, ஆயிரத்துக்கு நாலு யூனிட்டுக்குச் சற்று மேல் வர வேண்டும். ஒரு யூனிட்டோ இரண்டோதான் வந்தால், பழைய குடித்தனக்காரரின் பாக்கியை அதில் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வீட்டுக்காரர் தீர்த்த பிறகே பணம்.

பேண்ட் ஏ என்றால் நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம், பி-க்கு 16, சி-க்கு 12 என்பது காகிதக் கணக்கு. அந்தத் தெருவில் உண்மையில் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதைக் கீழ்வீட்டில் ஃப்ரிட்ஜ் வைத்துக் குளிர்பானம் விற்பவரிடம் கேள். அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

மின்செலவை மூன்றாக வகுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அது நியாயமாக இராது. ஒருத்தி அறையில் ஏசி இருக்கப் போகிறது. ஒரு குதிரைத்திறன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட் வரை குடிக்கும். 60 வாட் மின்விசிறிக்கு அதே நேரத்தில் அரை யூனிட் போதும். ஆகவே விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் மூவருக்கும் பொது, ஏசி அவளுடையது. அந்த அறைக்கு ஒரு சிறிய துணை மீட்டர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். முகம் சுளிக்காமல் கேட்டுவிடு. இப்போது கேட்டால் அது ஏற்பாடு, ஆறு மாதம் கழித்துக் கேட்டால் குற்றச்சாட்டு.

ஜெனரேட்டர் வாங்காதீர்கள். 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்' என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன இயந்திரத்துக்குப் பெட்ரோலோடு ஐம்பதுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் அடைத்துக்கொண்டு புகை தள்ளும். 2023 மே 29-இல் மானியம் போன பிறகு பெட்ரோல் விற்கும் விலையில் அது கட்டுப்படியும் ஆகாது. இதைவிடப் பெரிய பயம் ஒன்று: அதைச் சமையலறைப் பால்கனியிலோ நடையிலோ வைத்து, கதவை மூடித் தூங்கியவர்கள் எழுந்ததே இல்லை. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்கு அருகே வைத்தாலும் வாய்விட்டுச் சொல், மகளே.

இன்வெர்ட்டரே மேல். 12 வோல்ட், 220 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் 2,640 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால் கணக்கில் கொள்ள வேண்டியது 1,320. மூன்று மின்விசிறி, நாலு எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி, இரண்டு மடிக்கணினி சேர்ந்தால் ஏறக்குறைய 330 வாட். இன்வெர்ட்டரே தின்னும் பங்கும் போக, மூன்றரை மணி நேரம் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் அதில் ஒருநாளும் கூடாது. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள். குடிக்க விற்கும் பியூர் வாட்டர் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றிக் கெடுத்த பேட்டரிகள் ஊரெல்லாம் உண்டு. இன்வெர்ட்டரை மூவர் பணத்திலும் வாங்காமல் ஒருத்தி வாங்கட்டும். மற்ற இருவரும் அதே மதிப்புக்கு ஃப்ரிட்ஜ், காஸ் அடுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பிரியும்போது பேட்டரியை மூன்றாக வெட்ட முடியாது.

சமையலுக்கு மாதம் இருமுறை மைல் 12 சந்தைக்குச் சேர்ந்து போய்த் தக்காளி, தத்தாஷே (சிவப்புக் குடைமிளகாய்), ரோடோ (காரமான குண்டு மிளகாய்), வெங்காயம் வாங்கி அரைத்து, நீர் முழுக்க வற்றும்வரை கொதிக்கவிட்டு, பிறகு எண்ணெய் மேலே மிதக்க வதக்குங்கள். நீர் வற்றாமல் உறையவைத்தால், மின்சாரம் போய் வரும்போது இளகிப் புளித்துவிடும். ஜொல்லோஃப் சோற்றுக்கு அதை எடுக்கும் நாளில் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்று. பாய்ல்டு அரிசி ஆவியில்தான் வேக வேண்டும். அளக்கும் டெரிக்கா டப்பாவின் அடி உள்ளே தட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

மஞ்சள் மினிபஸ்ஸான டான்ஃபோவில் ஏறும்போது சில்லறை வைத்திரு. இல்லையென்றால் கண்டக்டர் உன்னையும் முன்பின் தெரியாத ஒருவரையும் சேர்த்து ஒரே நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவான். நீங்கள் இருவரும் நடுரோட்டில் நின்று மாற்றிக்கொள்ள வேண்டும். நிறுத்தம் வருமுன்பே, இறங்கப் போகிறேன் என்று தெரிய 'ஓவா' என்று உரக்கச் சொல். நிறுத்தமில்லாத இடத்தில் நின்று மெல்லக் கூப்பிடும் வண்டியில் ஏறாதே.

சனிக்கிழமைக் கல்யாணங்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வயதில் எல்லோரும் ஒரே துணியில் உடுத்தி வரச் சொல்லும் அசோ எபி அழைப்பு மாதம் இரண்டு வரும். துணி, கெலே என்னும் தலைக்கட்டு, தையல்கூலி, அன்பளிப்பு என்று சம்பளத்தில் பாதி போய்விடும். உடன்பிறந்தவர்கள், மிக நெருங்கிய தோழிகள் இவர்களுக்கு மட்டும் துணி வாங்கு. மற்றவற்றுக்கு அதே நிறத்தில் கையில் இருப்பதை உடுத்திக்கொண்டு கெலே மட்டும் கட்டிப் போகலாம். யாரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள். தையல்காரரிடம் சொல்லும் தேதி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பாக இருக்கட்டும்.

அஜோ (மாதம் ஒருவர் எடுக்கும் சீட்டு) போடுவதென்றால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 50 ஆயிரம் என்றால் மாதம் ஒருவருக்கு 3 லட்சம். கடைசி முறையை நீ எடுத்துக்கொள். வாடகை புதுப்பிக்கும் மாதத்தில் அது கையில் விழும்படி தொடங்கும் மாதத்தை அமைத்துக்கொள். வேலை நிலையில்லாத ஆளுக்கு முதல் முறை கொடுக்காதீர்கள். முதலில் வாங்கியவள் நின்றுவிட்டால் நஷ்டம் மற்ற ஐந்து பேருக்கும்தான்.

எலுபோ மாவும் குழம்புக்கு எகுசி விதையும் கட்டி வைத்திருக்கிறேன். நீயே வருவதானால் ரயிலில் வா. எபுட்டே மெட்டா நிலையம் யாபாவுக்குப் பக்கம்தான். ஆனால் இங்கே மோனியா நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. இருட்டிய பிறகு வந்து சேரும் ரயில் என்றால் முன்கூட்டியே சொல், அப்பா வண்டியோடு வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா