பட்டினப்பாக்கத்தில் நீ கேட்ட கேள்வி

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள புத்தருக்கு,

நீ என்னை பாப்பாஜி என்கிறாய், நான் உன்னை புத்தர் என்கிறேன். "இந்த வீட்டுல அப்பா பாப்பா, பிள்ளை புத்தரா?" என்று எதிர்வீட்டு மாமி சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? பஞ்சாபியில் அதற்கு மகனே என்று பொருள் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்போம்! கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். குர்முகி எழுத்தைப் படிக்க நீ தடுமாறுவாய். எனக்கு ஆங்கிலத்தில் பில் போடத்தான் வரும், மனசைச் சொல்ல வராது. ஜி.பி. ரோட்டில் நாற்பது வருஷம் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் விற்றது இந்த பாஷையில்தான்.

வியாழக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். சீக்கியன் வெட்டக் கூடாத முடியை வெட்டி நாலு மாதம் ஆகிறது. கடவுள் நம்பிக்கை போய் அதைவிட ரொம்ப நாள் ஆகிறது. நான் "சரி, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நீ நினைத்திருப்பாய். கோபம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வைக்கும் முன்னால் நீ கேட்டாயே, "பட்டினப்பாக்கம் ஞாபகம் இருக்கா பாப்பாஜி?" என்று, அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஞாபகம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் குருத்வாராவில் அன்றைய லங்கர் சாப்பாடு முழுவதையும் பொட்டலம் கட்டினோம். உனக்கு ஒன்பது வயது. வீட்டில் இரு என்றால் கேட்கவில்லை, வேனில் ஏறிக்கொண்டாய். மணலில் கவிழ்ந்து கிடந்த படகுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நீதான் பொட்டலத்தை நீட்டினாய். "இன்னொண்ணு குடு கண்ணு, பையன் வந்துடுவான்" என்றார். பின்னால் நின்ற ஆள் எங்களைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். நீ இன்னொன்றும் கொடுத்தாய்.

திரும்பி வரும்போது, சாந்தோம் தாண்டியதும் கேட்டாய்: "அந்தப் பையன் செத்தது வாஹேகுருவுக்குத் தெரியுமா?" நான் சொன்னது: "எல்லாம் அவன் சித்தம். இப்படியெல்லாம் கேட்கக் கூடாது." வீடு வரும்வரை நீ பேசவில்லை. அடுத்த வாரம் கிரிக்கெட் பேட் வாங்கிக் கொடுத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒன்பது வயதில் குரு நானக் பூணூல் வேண்டாம் என்றார் என்று குருவின் வாழ்க்கைக் கதைகளான சாக்கிகள் சொல்லும். கருணையைப் பஞ்சாகவும் மனநிறைவை நூலாகவும் வைத்து ஒரு பூணூல் செய்ய முடிந்தால் போடு, அது அறுகாது, அழுக்காகாது, எரியாது என்று புரோகிதரிடம் கேட்டாராம். ஹரித்வாரில் எல்லோரும் கிழக்கு பார்த்துத் தண்ணீர் இறைக்க, அவர் மேற்கே இறைத்தார். என்ன செய்கிறாய் என்றால், பஞ்சாபில் இருக்கும் என் வயலுக்குப் பாய்ச்சுகிறேன், மேலுலகத்துக்கே போகும் தண்ணீர் என் வயல்வரை போகாதா என்று கேட்டார். இந்தக் கதைகளை உன்னை மடியில் வைத்துச் சொன்னது நான். கேள்வி கேட்ட ஒருவரைக் கும்பிடக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே வயதில் நீ கேட்டதும் வாயை மூடச் சொன்னேன்.

நாத்திகத்துக்கு எங்கள் பெரியவர்கள் கையில் ஒரே ஒரு சொல் தயாராக இருக்கும்: ஹௌமை. 'நான்' என்னும் செருக்கு. குருவின் பேச்சைக் கேளாமல் தன் மனசின் பேச்சைக் கேட்பவன் மன்முக். முடிந்தது, கேஸ் மூடியாயிற்று. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அசைத்தது ஒரு லேத் பட்டறைக்காரர். பெரியார் பிறந்தநாள், செப்டம்பர் 17 வந்தால் கறுப்புச் சட்டையில்தான் கடைக்கு வருவார். 1989 என்று நினைக்கிறேன், ஒரு சின்னப் புத்தகத்தைக் கல்லாவில் வைத்து "உங்க ஆளு எழுதினது சிங் சார், எங்க ஆளு தமிழ்ல போட்டது. படிங்க" என்றார். பகத் சிங் தான் ஏன் நாத்திகன் என்று எழுதியது. பெரியார் சொல்லி ஜீவா மொழிபெயர்த்து 1930களின் நடுவில் வெளிவந்தது. அதற்காக ஜீவாவும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் கிருஷ்ணசாமியும் கைதானார்கள் என்று அவர்தான் சொன்னார். ஜீவாவும் பகத் சிங்கும் ஒரே வருஷம், 1907-ல் பிறந்தவர்கள் என்றும் சொன்னார், ஏதோ தன் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

சுதந்திர தினத்தில் தொப்பி வைத்த படத்துக்கு மாலை போடுவோமே தவிர, அந்தப் பையன் என்ன எழுதினான் என்று அதுவரை நான் படித்ததில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் படித்ததில்லை.

அந்தக் கட்டுரை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1930 அக்டோபர். லாகூர் சென்ட்ரல் ஜெயில். வெள்ளையரை எதிர்த்த கதர் கட்சியின் கிளர்ச்சி வழக்கில் பதினைந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட சிறையில் கிடந்த பாய் ரண்தீர் சிங் விடுதலை ஆகிறார். பெரிய பக்தர். வெளியே போகும் முன் பகத் சிங்கைப் பார்க்கிறார். பையனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் மனசு தாங்கவில்லை. புகழ் உன் தலைக்கு ஏறிவிட்டது, அகம்பாவம் உனக்கும் இறைவனுக்கும் நடுவே கறுப்புத் திரையாக நிற்கிறது என்று சொல்லிவிட்டார். அதே ஹௌமை! சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, நாட்டுக்காக இளமையைக் கொடுத்தவர். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் அந்த மாதம் 7-ம் தேதி தூக்குத் தண்டனை கேட்கப்போகும் 23 வயதுப் பையனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

அந்தக் கட்டுரையின் முதல் கேள்வியே இதுதான்: நான் நம்பாதது அகம்பாவத்தாலா? தன் கதையைச் சொல்கிறான். தாத்தா ஆரிய சமாஜி. பள்ளி விடுதியில் இருந்தபோது காயத்ரி மந்திரத்தை மணிக்கணக்கில் ஜபித்தவன். அப்புறம் முடியும் தாடியும் வளர்த்தான், ஆனால் மதக் கதைகளில் மனசு ஒட்டவில்லை. படித்தான், படித்தான், 1926 முடிவதற்குள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான். 1927-ல் போலீஸ் பிடித்து வைத்தபோது பிரார்த்தனை செய் என்று அதிகாரிகளே தூண்டினார்கள். அமைதியான காலத்தில் மட்டும்தான் நாத்திகனா, கஷ்டத்திலும் நிற்பேனா என்று தன்னையே சோதித்துப் பார்த்து, கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தான். நம்பிக்கை இருந்தால் சாவு லேசாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதை எழுதியும் இருக்கிறான். தெரிந்தே அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பேங்க் லோனுக்கு அர்தாஸ், அதாவது வேண்டுதல், செய்தவன். பிறகு உன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கனடா விசாவுக்கும் செய்தேன். தூக்குக் கயிறு முன்னால் நிற்கிறவன் பேரம் பேசமாட்டேன் என்கிறான், நான் தினமும் பேரம் பேசுகிறேன். எங்கள் இரண்டு பேரில் ஹௌமை யாருக்கு?

கடைசி நாட்களில் அவன் மனம் மாறிவிட்டான், முடி வெட்டியதற்கு வருந்தினான் என்று பாய் ரண்தீர் சிங் பின்னால் எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் பலருக்கு அதில் ஒரு நிம்மதி. நான் அந்தப் பையன் தன் கையால் எழுதியதையே நம்புகிறேன். செத்தவனை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் அவனைப் போலப் படித்து யோசித்துப் போவதில்லை. சிலரை நாங்களே அனுப்பிவைக்கிறோம். பொற்கோயிலுக்கு, ஹர்மந்திர் சாஹிபுக்கு, நாலு பக்கமும் வாசல், நாலு வர்ணத்தாரும் வரலாம் என்று பெருமையாகச் சொல்வோம். உன் அம்மாவின் ஊரில் சுடுகாடு இரண்டு, குருத்வாரா இரண்டு, யாருக்கு எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கமிட்டித் தேர்தலில் தலைப்பாகை பறப்பதை நீயே பார்த்திருக்கிறாய். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் சோட்டி பீஜியைப் பற்றி எழுதியாக வேண்டும். என் சாச்சி, சித்தி. அவர் ஏன் பிரசாதத்துக்குக் கை நீட்டுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்பாய், சர்க்கரை வியாதி என்று சொல்லி வைத்திருந்தோம். வியாதி எதுவும் இல்லை. 1984 நவம்பர் சீக்கியர் படுகொலையில், கிழக்கு டெல்லியில் என் சாச்சாவையும் அவர்களுடைய மூத்த மகனையும் தெருவில் வைத்து எரித்தார்கள். அந்த மூன்று நாளில் டெல்லியில் மட்டும் செத்தவர்கள் 2733 பேர் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. சாச்சி ஒரு தகரப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் "எல்லாம் அவன் ஹுகம், அவன் கட்டளை, ஏற்றுக்கொள் மகளே" என்றார். சாச்சி தலைநிமிர்ந்து கேட்டாள்: "மண்ணெண்ணெய் ஊற்றியதும் அவன் ஹுகம்தானா?" கூடத்தில் இருபது பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் அர்தாஸுக்கு எழுந்து நின்றதில்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் லங்கருக்கு வருகிறாள். 79 வயது. கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, இன்றைக்கும் எல்லோரையும்விட வேகமாக ரொட்டி இடுகிறாள். ஒருமுறை நான் புத்திசாலித்தனமாக, "சேவை செய்கிறாயே சாச்சி, இதுவே பக்தி இல்லையா?" என்றேன். உருட்டுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "பசிக்கு ரொட்டி போதும்டா. நடுவில் எதற்கு அவனை இழுக்கிறாய்?" என்றாள். அதோடு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. உன்னிடமும் எடுக்கமாட்டேன். நீ நல்லவனாக இருக்கிறாய், ஆகவே உள்ளுக்குள் பக்தன்தான் என்று சொல்லமாட்டேன்.

சரி, நான் ஏன் இன்னும் நம்புகிறேன் என்று கேட்பாய். பகத் சிங் மறுத்த கடவுள், நீரோ மாதிரி எரியவிட்டு வேடிக்கை பார்க்கும் ராஜா. நான் காலையில் சொல்லும் மூல மந்திரத்தில் அப்படி ராஜா இல்லை. நிர்பௌ, நிர்வைர்: அச்சமில்லாதது, பகையில்லாதது. நாலரை மணிக்குக் காலை ஜெபமான ஜப்ஜி படிக்கிற அந்த இருபது, இருபத்தைந்து நிமிஷம் நான் கடைக்காரன் இல்லை, யாருக்கும் பாக்கி வைத்தவன் இல்லை, யாரிடமும் பாக்கி கேட்பவனும் இல்லை. அது எனக்கு வேண்டியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பையனை அலை ஏன் எடுத்தது என்றால், தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் வேனில் இதையே சொல்லியிருக்கலாம். 'தெரியாது புத்தர்' என்று. இரண்டு வார்த்தை.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம், அதுதான் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. 1521 வாக்கில் பாபரின் படை சைத்பூரைச் சூறையாடியபோது குரு நானக் அதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு இறைவனையே கேட்டார்: இவ்வளவு அடி விழுந்து இப்படி அலறினார்களே, உனக்கு வலிக்கவே இல்லையா? நம் வேதமான கிரந்த் சாஹிபின் 1430 பக்கங்களில் 360-ம் பக்கம். யாரும் அதை வெட்டி எறியவில்லை. பட்டு ருமாலாவால் போர்த்தி, விசிறி வீசி, அந்தக் கேள்விக்கு முன்னால்தான் தினமும் நெற்றியைத் தரையில் வைக்கிறோம். அர்த்தம் தெரிந்தே பாடியிருக்கிறேன். ஒன்பது வயதில் நீ கேட்டதும் அதே கேள்விதான் என்று அப்போது உறைக்கவில்லை.

முடி விஷயத்தில் உன் அம்மாவுக்கு ஆற இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உன் தலைப்பாகைத் துணிகளைத் துவைத்து, நீவி, மறுபடி பீரோவில் வைத்திருக்கிறாள். நீ கட்டுவாய் என்று இல்லை, வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கும் போட்டோவில் பார்த்தால் வலிக்கும் என்று தோன்றுகிறது, அதனால் இப்போதைக்கு அனுப்பாதே. ஏப்ரலில் நேரில் வா. வைசாகி அன்று குருத்வாராவுக்கு வா என்று கூப்பிடமாட்டேன், ஆனால் சோட்டி பீஜி கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போ. நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். "சாப்பிடுறானா?" என்றுதான் கேட்டாள், என்னைப் போலவே.

பட்டறைக்காரர் கொடுத்த அந்தப் புத்தகத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் அந்தப் பையனோடு சண்டை போட்டிருக்கிறேன். சில இடங்களில் பிறகு நானே அழித்திருக்கிறேன். உனக்குத் தோன்றுவதைப் பேனாவால் எழுதித் திருப்பி அனுப்பு. கூடவே அம்மா செய்த பின்னி லட்டு ஒரு கிலோ இருக்கிறது. நெய் படாமல் இருக்கப் புத்தகத்தை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கத்தி வைக்காதே.

உன்
பாப்பாஜி