ஏ.பி.டி.டி. 98 வினாடி: ஏற்காட்டு அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பையனுக்கு டான்சில் ஆபரேஷன் தள்ளிப்போனதையும், அன்றிலிருந்து அவனை விளையாடவே விடாததையும் எழுதியிருந்தீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பி.டி. (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஒரு பரிசோதனை) சரி, தட்டணுக்கள் சரி. உறையும் நேரத்தை வேறு வழியில் பார்க்கும் ஏ.பி.டி.டி. மட்டும் 98 வினாடி. 40-க்குள் இருக்க வேண்டியது. ஆனால் காது குத்தியபோதும் பால்பல் விழுந்தபோதும் ரத்தம் சட்டென்று நின்றது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும், அதற்கு 2.7 மி.லி. ரத்தம், கோடு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறைதலுக்குத் தேவையான கால்சியத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும்; நேரம் பொய்யாக நீளும். நாலு மணி நேரத்துக்குள் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். ஏற்காட்டில் எடுத்து மலைப்பாதையில் பஸ்ஸில் அனுப்பாதீர்கள், சேலத்து லேபிலேயே கொடுங்கள்.

மறுபடியும் நீண்டால் மிக்ஸிங் டெஸ்ட்: அவன் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவம்) நல்ல பிளாஸ்மாவும் சரிபாதி கலந்து பார்ப்பார்கள். நேரம் சரியானால் ஏதோ ஒரு ஃபேக்டர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதம், குறைவு. ஆகாவிட்டால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டாக (இந்தப் பரிசோதனையின் நேரத்தை நீட்டிவிடும் ஓர் எதிர்ப்புப் புரதம்) இருக்கலாம்; தொண்டைத் தொற்றுக்குப் பின் குழந்தைகளுக்கு வந்து தானாகப் போவதுண்டு.

ஃபேக்டர் 8, 9, 11 மூன்றையும் அளக்காமல் விடவே கூடாது. இவை குறைந்தால் ரத்தப்போக்கு வரும். 11 குறைந்தவர்களுக்கு டான்சில் வெட்டிய இடம் ரொம்பவே படுத்தும். கூடவே 12-ஐயும் அளக்கச் சொல்லுங்கள். மற்றவை சரியாக இருந்து 12 மட்டும் 1 சதவீதத்துக்கும் கீழே என்றால், அதனால் ரத்தம் போகாது. பரிசோதனைக் குழாயில் உறைதலைத் தொடங்கி வைக்கத்தான் 12 தேவை. உடம்பில் காயம் பட்டால், திசுக்களில் இருக்கும் திசுக் காரணி என்ற புரதமே உறைதலைத் தொடங்கிவிடும். 12 இல்லாவிட்டாலும் 11-ஐ த்ராம்பின் என்ற உறைதல் நொதி தூண்டிவிடும். பிளாஸ்மா ஏற்றத் தேவையில்லை, யாராவது ஏற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

இந்தக் குறைவு முதலில் தெரியவந்தது ஜான் ஹேக்மன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளியிடம். 1955-இல் ராட்னாஃப் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில்தான் மாட்டியது. 1968-இல் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தவர், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். ஆகவே ரத்தம் கட்டாது என்ற பாதுகாப்பும் இதில் இல்லை.

அவனுக்கு 12 குறைவு என்று உறுதியானால், நீங்களும் மாமாவும் சொந்தத்தில் கட்டியவர்களோ இல்லையோ, அவன் தங்கைக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவளுக்கும் ஒருமுறை பாருங்கள்.

12 மட்டும் குறைவு என்று முடிவு வந்தால் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: "ஃபேக்டர் 12 குறைவு. ரத்தப்போக்கு நோய் அல்ல. ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுத்தால் ஏ.பி.டி.டி. பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது, ஆன்டி-டென்-ஏ (ஹெப்பாரினின் வேலையை நேராக அளக்கும் பரிசோதனை) பார்க்கவும்."