அஞ்சரை மணி நேரம் இல்லை, பங்காளி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தது. துபாயில் பேரன் பிறந்த செய்தியைப் படித்துக் காட்டியதும் என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த பத்தியில், "திரும்பி வர அஞ்சரை மணி நேரமாம், இவள் இடுப்பு வலியோடு எப்படி உட்காருவாள், போகாமலே இருந்துவிடலாமா" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசைப் பிசைகிறது.

அது அஞ்சரை மணி நேரம் இல்லை, பங்காளி. போன தை மாதம் நாங்கள் மகளைப் பார்க்கப் போய்வந்த டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். திரும்பும்போது துபாயில் மதியம் 2 மணிக்குப் புறப்பாடு, நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், இரவு 7.20க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. பார்த்தால் 5 மணி 20 நிமிடம். ஆனால் அந்த 2 மணி துபாய் கடிகாரம், 7.20 நம் கடிகாரம். அவர்கள் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அதைக் கழித்தால் 3 மணி 50 நிமிடம்தான். போகும்போது காலை 10.10க்குக் கிளம்பி 12.50க்கு இறங்கினோம். அது 2 மணி 40 நிமிடம் போலத் தெரியும், ஆனால் ஒன்றரை மணியைக் கூட்டினால் 4 மணி 10 நிமிடம்.

நேர்கோட்டில் சுமார் 2,800 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 போனால் மூன்றே கால் மணியில் முடிந்துவிடும். ஆனால் டிக்கெட்டில் போடுவது, நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி.

சரி, போக வர ஏன் 20 நிமிட வித்தியாசம்? பொள்ளாச்சியில் படம் பார்த்துவிட்டு ஆனி, ஆடியில் கோபாலபுரம் வழியாகச் சைக்கிள் மிதித்து வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதே சாலையில் பொள்ளாச்சிக்குப் போகும்போது மிதிக்காமலே உருளும். மேலேயும் அதே கதைதான். குளிர்காலத்தில் அந்த உயரத்தில், வடக்கே போகப் போக, மேற்கிலிருந்து பலமான காற்று. முன் சீட்டுத் திரையில் நானே பார்த்தேன்: போகும்போது 780, வரும்போது 930. நீங்கள் ஆவணியில் போகிறீர்கள். மழைக்காலத்தில் நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும், அதனால் அந்த வித்தியாசம் குறையலாம்.

தங்கச்சிக்கு ஓரத்து சீட் கேட்டு வாங்கு. பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து நாலு நடை நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாத்திரையை அங்கே போய்ச் சேரும் வரைக்கும் நம் கடிகாரப்படியே கொடு. உள்ளே குளிரும், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும்.

உண்மையில் அலுப்பு தரையில்தான். மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே இங்கே வந்துவிடுங்கள். திருச்சூர் போகும் வழியில் மலையைக் குடைந்து போட்ட குதிரான் சுரங்கச் சாலை வந்த பிறகு இங்கிருந்து நெடும்பாசேரிக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். விடியக்காலையில் நானே கூட வந்து ஏற்றிவிடுகிறேன்.

அப்புறம், பேரனுக்கு என்ன பெயர் என்று எழுதவே இல்லையே?

உன்
பங்காளி