சேஷுவின் ஆம்ப்ளிஃபையரும் உன் மூன்று லட்சமும்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள விசு,

உன் கடிதம் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று நீ கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாய். திட்டுவதாக இருந்தால் பாதியைச் சேஷுவின் பெயரில் எழுதிக்கொள். காரணம் கீழே வருகிறது. இங்கே எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது, கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல் தண்ணீர் நிற்கிறது, ஸ்டீரியோ மாமா இன்னமும் இடக்காதைத் திருப்பிக்கொண்டுதான் கச்சேரி கேட்கிறார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

ஓய்வூதியப் பணத்தில் மூன்று லட்சத்தை எடுத்து ஷோரூமில் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கப்போவதாகவும், அதே பணத்தில் நாமே செய்தால் இதைவிட நன்றாக வராதா என்றும் கேட்டிருந்தாய். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால், கடிதத்தை முடிக்கும் முன்பே சால்டரிங் அயர்னைச் சூடேற்றியிருப்பேன். இப்போது என் பதில் வேறு: ஆம்ப்ளிஃபையரை வாங்கு, ஸ்பீக்கரைச் செய். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்ததில் சேஷுவுக்கும் பங்கு உண்டு.

சென்ற மாதம் சேஷுவின் மனைவி பத்மா மன்னி தொலைபேசியில் அழைத்தார். சேஷு காலமான பிறகு, அவர் கையால் செய்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியை யாரும் தொடவில்லையாம். மகள் ஊரிலிருந்து வந்தபோது, அப்பாவின் ரெக்கார்டுகளைக் கேட்போம் என்று சுவிட்சைப் போட்டிருக்கிறாள். பாட்டுக்குப் பதிலாக வீடு நிறைய ஒரு ரீங்காரம்தான் வந்ததாம். வரவழைத்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கம்பெனி அம்மா?" என்று கேட்டு, திரும்ப மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகுதான் மன்னிக்கு என் நினைவு வந்திருக்கிறது.

செம்பூருக்குப் போய்த் திறந்து பார்த்தேன். விசு, சேஷுவின் கைவேலையை நீ மறந்திருக்க மாட்டாய்: கம்பிகள் எல்லாம் மெழுகு நூலால் கட்டப்பட்டு, ஒவ்வொரு வளைவும் செங்கோணத்தில், எர்த் அனைத்தும் ஒரே புள்ளியில். ஆனால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, வரைபடம் இல்லை, எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. டிரான்சிஸ்டர்களின் எண்களை மனிதர் உப்புத்தாளால் தேய்த்தே அழித்துவைத்திருந்தார். யாரைப் பயந்து என்பது உனக்கே தெரியும்.

தடம் தடமாகத் தொடர்ந்து காகிதத்தில் வரைந்தேன். சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள், ஒற்றை சப்ளை, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கெபாசிட்டர், பெட்டியின் இருபுறமும் பாறாங்கல் கனத்தில், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க். பாதி வரைந்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஜான் லின்ஸ்லி ஹுட் 1969 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட பத்து வாட் கிளாஸ் ஏ சர்க்யூட் அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அவர் கொடுத்த கணக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர்; அதாவது பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒவ்வொரு சேனலும் ஏறத்தாழ 32 வாட்டை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் சேஷு வீட்டுக்குக் கச்சேரி கேட்கப் போனால் நம் சட்டை நனைந்ததற்குப் பாவம், மும்பை மட்டும் காரணமில்லை.

பழுது என்னவோ மிகச் சாதாரணமானது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைச் சுற்றி வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது நாம் அன்றே படித்த கணக்கு. அழகு பார்த்து அவற்றை ஹீட் சிங்குக்கு ஒட்டியே நிறுத்தியிருந்தார், எல்லாம் வற்றிப்போயிருந்தன. ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம் டயோடுகளைக் கடந்து நூறு ஹெர்ட்ஸ் அலையாக வந்து, தடுப்பாரில்லாமல் நேராக ஸ்பீக்கரில் ஏறியிருக்கிறது. 105 டிகிரி தாங்கும் புதியவற்றைப் போட்டதும் ரீங்காரம் அடங்கியது. அன்று மாலை மன்னியும் மகளும் நானும் ஒரு ரெக்கார்டின் இரண்டு பக்கங்களையும் கேட்டோம். பத்தே வாட்டுதான், குரலும் தம்புராவும் பிரிந்து, எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தன.

எனக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பிறகுதான். வாழ்நாள் முழுவதும் கையால் செய்து சேர்த்த ஒருவரின் பெட்டி, அவர் போனதும் கம்பெனி பெயரில்லாத இரும்பாகிவிடுகிறது. அளவு எழுதிவைக்காத மாமியாரின் குழம்புப் பொடியைப் போல, செய்தவரோடு சேர்ந்தே அதுவும் போய்விடுகிறது. பழைய இரும்புக்காரர் வந்திருந்தால் மன்னி அதை எடைக்குப் போட்டிருப்பார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கு இந்தச் சர்க்யூட் தெரிந்திருந்தது என்பது தற்செயல். நமக்குப் பிறகு வருகிறவர்களில் யாருக்கு இது தெரிந்திருக்கும்? வரைந்த படத்தை நல்ல தாளில் படியெடுத்து, மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன். சேஷுவின் ஆவி என்னை மன்னிக்கட்டும், டிரான்சிஸ்டர் எண்களோடுதான் ஒட்டினேன்.

கடையில் வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்று உடனே சொல்லாதே. இன்றைய ரெடிமேட் பெட்டிகளில் பாதியைத் திறந்தால் எள்ளளவு உதிரிகள்தாம். கையால் எடுத்துப் போட முடியாது, சர்வீஸ் மேனுவலைக் கம்பெனி தராது, போனில் இருக்கும் ஆப்பை அவர்கள் கைவிட்டால் பெட்டியின் பாதி செத்தது. பெரிய கம்பெனிகளே பிறர் சிப்பை நம்பித்தான் பிழைக்கின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த ஏகேஎம் என்ற சிப் கம்பெனியின் தொழிற்சாலை எரிந்தபோது, டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் அவர்களுடைய டாக் சிப்பை நம்பியிருந்த உலகத்துக் கம்பெனிகள் பலவும் தங்கள் வடிவமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே வாங்கும்போது வையஃபை, திரை, குரல் கட்டளை இவையெல்லாம் இல்லாத, குமிழ் வைத்த, எளிய ஆம்ப்ளிஃபையராகப் பார்த்து வாங்கு. உன் ஊர் திருச்சியிலேயே திறந்து பார்க்க ஆள் கிடைக்கும்.

அதையும் ஏன் நாமே செய்யக்கூடாது என்பாய். ஆம்ப்ளிஃபையர் என்பது தீர்ந்துபோன கணக்கு, விசு. எல்எம்3886 என்ற ஒரே சிப் 28 வோல்ட் இரட்டை சப்ளையில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 68 வாட் தருகிறது, நம் காது கண்டுபிடிக்க முடியாத அளவு டிஸ்டார்ஷனோடு, அதாவது ஒலிச் சிதைவோடு. சிப்பின் விலை மிகக் குறைவு. பணம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஹீட் சிங்குக்கும் அலுமினியப் பெட்டிக்கும் போகும். கம்பெனிக்காரன் அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்குகிறான், நீ ஒன்றே ஒன்று வாங்குவாய். மிச்சம் எங்கிருந்து வரும்? போதாததற்கு இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் சாலையில் அசல் எது, போலி எது என்று தெரிவதில்லை. அங்கே ஒரு கடையில் வாங்கிய 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் ஒன்றை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உலோகத் தொப்பிக்குள் இருந்த சில்லு, இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ரேடியோவுக்குப் போட வேண்டியதைப் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு என்று விற்கிறார்கள். இன்னொன்றையும் நினைத்துப் பார்: உன் வீட்டில் இப்போது தவழும் பேரன் இருக்கிறான். 230 வோல்ட் உள்ளே வரும் பெட்டியை அனுபவமில்லாத கையால் செய்து தரையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஸ்பீக்கரின் கதை வேறு. கடையில் நீ கொடுக்கும் விலையில் உள்ளிருக்கும் டிரைவர்களின், அதாவது அதிர்ந்து ஒலியெழுப்பும் பாகங்களின், பங்கு சிறியது. கனமான மரப்பெட்டியைக் கப்பலேற்றுவது, வெனீர் ஒட்டிப் பளபளப்பாக்குவது, நடுவில் இருக்கும் மூன்று நான்கு பேரின் லாபம் ஆகியவைதாம் மீதி. அதைவிட முக்கியமாக, அந்த ஸ்பீக்கர் உன் அறைக்காகச் செய்யப்பட்டதல்ல. உன் மாடி அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி என்று எழுதியிருக்கிறாய். ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்துப் பார்: நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் அந்த அறையே சேர்ந்து பாடும். நாற்காலியை ஓரடி நகர்த்தினால் அந்த ஒலி வீங்கும், இன்னோர் அடியில் காணாமல் போகும். மூன்று லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபையரும் இதைத் திருத்தாது. முகப்பில் துளை வைத்த ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளிவைத்தால் மிருதங்கத்தின் தொப்பி பானைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். உனக்கு வேண்டியது துளையில்லாத, மூடிய, சிறிய இருவழிப் பெட்டி: தாழ்ந்த ஒலிக்கு ஒரு டிரைவர், உயர்ந்த ஒலிக்கு இன்னொன்று. பிபிசி பொறியாளர்கள் 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கினார்களே, அதே வழி. அதன் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மெதுவாக, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் வீதம்தான் இறங்கும். மிச்சத்தை உன் அறையே கொடுத்துவிடும்.

நம் காலத்தில் பெட்டியின் அளவைக் குத்துமதிப்பாக வைத்தோம். கணக்கு அப்போதே இருந்தது: நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் 1961இலேயே எழுதினார், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதை முழுமையாக்கினார். நம் கைக்குத்தான் வரவில்லை. இன்று டிரைவரோடு வரும் தாளில் அந்த எண்கள் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. கணினியில் போட்டால் எத்தனை லிட்டர் வேண்டும் என்று உடனே சொல்லிவிடும். அளவெடுக்கும் மைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் கிராஸ் ஓவரை மட்டும் நாமாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. பிறர் அளந்து, கேட்டு, வெளியிட்ட வடிவமைப்பை ஓர் ஓம் மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்வோம். எதையாவது மாற்றினால்தான் உன் மனம் ஆறும் என்றால் முன்துணியின் நிறத்தை மாற்றிக்கொள்.

மரத்துக்கு, மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம்; ஒருமுறை மழை ஈரம் ஏறினால் விளிம்பு ஊதிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டர், உன் ஊரிலேயே கிடைக்கும். டிரைவரின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு சில வருடங்களில் கையோடு உதிர்ந்துவிடும். உங்கள் தச்சர் இப்போதும் வேலை செய்கிறார் என்றால் பெட்டியை அவரிடமே விடலாம். மூலைகளில் காற்றுக்கூடக் கசியக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்பலகையின் உட்புறம் வரைபடத்தை நானே ஒட்டுவேன்.

பணம் மிச்சமாகுமா என்று கேட்டால், ஆம்ப்ளிஃபையரில் ஆகாது, ஸ்பீக்கரில் நிச்சயம் ஆகும். ஷோரூம்காரர் நூறு வாட் என்று ஆசைகாட்டினால் ஏமாறாதே. ஐம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் மூன்றே டெசிபல். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை உன் அறையில் வைத்தால், கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவதற்குப் பத்து வாட் போதும். நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான டிரைவர்) என்று அவர் சொன்னதாக நீ வியந்து எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய நமக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கேட்டாலே பெரிது. மீதியை உன் பேரனும் தெரு நாயும்தான் கேட்க வேண்டும்.

மழை விட்டதும் பத்து நாள் அங்கே வந்து தங்குகிறேன். அதற்குள் அறையின் உயரம், கதவும் ஜன்னலும் இருக்கும் இடம், நீ உட்காரும் நாற்காலி சுவரிலிருந்து எத்தனை அடி என்பவற்றை அளந்து அனுப்பு. அலமாரியில் வைப்பதா ஸ்டாண்டில் வைப்பதா என்பதை லலிதாவிடம் கேட்டுவிட்டு எழுது. அவள் சொல்வதுதான் கடைசியில் நடக்கும், அதைப் பொறுத்துப் பெட்டியின் கணக்கும் மாறும். ஷோரூமில் ஸ்பீக்கருக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துவிட்டாயா என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் இன்றே தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
சுந்தரம்