அம்மாவின் பழைய புடவைகள்

அன்புள்ள ராஜி,

மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதாததற்குச் சோம்பலைக் காரணம் சொன்னால் உடனே நம்பிவிடுவாய். இந்த முறை உண்மையிலேயே காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பதறாதே, இப்போது நலம்.

அம்மாவின் பழைய புடவைகள் எல்லாம் எங்கேதான் போகின்றன என்று புலம்புவேனே, அவற்றைக் கிழித்து அடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன் துவைத்துப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு வந்திருக்கிறாள். ஆறு வருடமாக மலக்குடல் வெளியே இறங்கியிருக்கிறது. அதை மூலம் என்று தானே முடிவுகட்டி, கருணைக்கிழங்கும் களிம்புமாக ஓட்டியிருக்கிறாள். மருத்துவர் முக்கச் சொல்லிப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: மூலமென்றால் மடிப்புகள் சக்கரத்தின் ஆரக்கால்போல் பிரிந்து நிற்குமாம், குடலே இறங்கினால் வளையத்துக்குள் வளையமாகத் தெரியுமாம்.

வயிற்று வழியாக மலக்குடலை மேலே இழுத்து, முதுகெலும்பின் அடிப்பகுதியோடு சேர்த்து நிறுத்துவது ஒரு முறை. மீண்டும் இறங்கும் வாய்ப்பு அதில் பொதுவாகக் குறைவு என்றார். ஆனால் 78 வயதில், 2 ஸ்டென்ட் வைத்த இதயத்தோடு முழு மயக்கம் வேண்டாமென்று கீழ்வழியையே தேர்ந்துகொண்டோம். டெலோர்ம் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் 1900இல் விவரித்த முறை அது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, வெளியே வந்த குடலின் உட்சவ்வை மட்டும் உரித்தெடுத்து, தசையைப் புடவைக் கொசுவம்போல் மடித்துத் தைத்து உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. நீ அருகில் நின்றிருந்தால் கொசுவம் சீராக விழவில்லை என்று சண்டைக்குப் போயிருப்பாய்.

இனி முக்கவே கூடாது. மலமிளக்கி, கீரை, நிறையத் தண்ணீர். அடக்கும் சக்தி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். கசிவு இப்போது குறைந்திருக்கிறது.

எனக்குத்தான் ஆறவில்லை, ராஜி. வசந்தா மகள் கல்யாணத்தில் அம்மா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனாளே, பெரிய மகாராணி முறுக்கிக்கொண்டாள் என்று நீயும் நானும் சிரித்தோமே, அன்றைக்கும் இதுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருடம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “எழுது. அவள் சின்னம்மாவும் இரண்டு வருடமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. தனியாக அழைத்துக் கேட்கச் சொல்” என்றாள்.

உன்,
கமலா