பாஸ்புக்கை நம்பும் தலைமுறைக்காக வங்கி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பொதுத்துறை வங்கிகளின் நிர்வாகப் பொறுப்பில் உள்ள பெரியோர்களுக்கு வணக்கம்.

நாங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளையில் பாஸ்புக் பதிந்து தரும் வேலையைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டு, வாசலை ஒட்டி ஓர் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அது பாதி நாள் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் நாளிலும், சில மாதங்கள் பதியாமல் விட்ட கணக்கென்றால், இடைப்பட்ட வரவு செலவையெல்லாம் ஒரே வரியாகத் தொகுத்து இருப்பை மட்டும் அச்சடித்துத் தருகிறது. உள்ளே போய்க் கேட்டால், "செல்போனில் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் அதிலேயே தெரியும்" என்கிறார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்த என் தாயாருக்கும் அவர் வயதையொத்த பலருக்கும் இதே பதில்தான் கிடைத்துவருகிறது. முதியவர்கள் புதியதைக் கற்கத் தயங்குகிறார்கள், கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதை எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒருவர் பணத்தை எப்படிக் கையாளுகிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய இளமைக்காலத்தில் நாட்டில் நடந்தவையே தீர்மானிக்கின்றன. சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் நொடித்துப்போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. அந்த அடியிலிருந்துதான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் கொய்லான் வங்கி விழுந்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான் வைப்புத்தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடே நாட்டில் வந்தது. 1962இல் அது தொடங்கியபோது ஒரு கணக்குதாரருக்குக் கிடைத்த உத்தரவாதம் 1,500 ரூபாய்தான். இன்று எழுபதைக் கடந்தவர்கள், வங்கி என்றால் ஒருநாள் கதவைச் சாத்திவிடும் என்று பெற்றோர் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, அதுவரை வங்கியையே பார்த்திராத ஊர்களிலெல்லாம் கிளைகள் திறக்கப்பட்டபோது, அந்தப் பயத்தை விலக்கி உள்ளே நுழைந்தவர்களும் அவர்களே. அப்படி நுழைந்தவர்களின் கையில் வங்கி கொடுத்த ஒரே ஆதாரம், எழுத்தர் மையால் எழுதி அதிகாரி சுருக்கொப்பம் இட்ட பாஸ்புக். வங்கி தன் வாக்கை எழுத்தில் கொடுத்த ஏடாகவே அவர்கள் இன்றுவரை அதைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை வளர்த்தவர்கள் நீங்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் தலைமுறை கற்றது வேறு. நாங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1990களில் தமிழ்நாட்டுத் தெருவெங்கும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டி என்று சொல்லி ஓய்வுபெற்றவர்களின் பணத்தை வாங்கிக்கொண்டு அவற்றில் பல இழுத்து மூடின. முதலீட்டாளர்களைக் காக்க 1997இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. அதனால் வட்டி அதிகம் என்றாலே சந்தேகப்படுவது எங்களுக்குப் பழகிப்போன குணம். ஏடிஎம், இணைய வங்கி, கைபேசிச் செயலி என்று ஒவ்வொன்றையும் வேலைக்குச் சேர்ந்த பிறகு படிப்படியாகக் கற்றவர்கள் நாங்கள். இன்று வீட்டுக்கு வீடு பெற்றோரின் ஓடிபியைக் கேட்டு வாங்கிப் பணம் கட்டிக்கொடுப்பவர்களும் நாங்களே.

இன்றைய இளைஞர்களை உருவாக்கியது பெரும்பாலும் 2016 என்ற ஒரே ஆண்டு. ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை ஏறக்குறைய இலவசமாக்கியது. நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடாக இருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. விரலில் மை வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்ற அந்த வரிசைகளில் எல்லாத் தலைமுறையினரும் இருந்தார்கள். கையில் நோட்டே வேண்டாம், கைபேசி போதும் என்று இளைஞர்கள் முடிவுகட்டினார்கள். கையில் இருக்கும் நோட்டுகூட ஒரே இரவில் செல்லாமல் போகும், பாஸ்புக்கில் ஏறினால்தான் பணம் என்று முதியவர்கள் முடிவுகட்டினார்கள். ஒரே நிகழ்விலிருந்து எதிரெதிராகப் பெற்ற இந்த இரண்டு பாடங்களுமே நியாயமானவை. ஆனால் உங்கள் கிளைகள் முதல் பாடத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 2024 டிசம்பரில் மட்டும் யுபிஐ வழியாக 1,600 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன என்பது பெருமைக்குரிய செய்திதான். அந்த எண்ணிக்கைக்குள் என் தாயார் இல்லை என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது தொலைபேசி. முதியவர்களின் இளமையில் டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பு வந்தாலோ தந்தி வந்தாலோ வீட்டில் அனைவரும் நடுங்கிப்போவார்கள். சாவோ பெருநோயோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது, ஆனால் அந்தப் பழக்கம் அவர்களுடைய உடம்பில் இருக்கிறது. மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வைக்கக் கூடாது, காவல்துறை என்று சொன்னால் பணிந்து பதில் சொல்ல வேண்டும் என்பவை அவர்கள் கற்ற ஒழுக்கம். காவல்துறை என்று தொலைபேசியில் நடித்து, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் குறிவைப்பது இந்த ஒழுக்கத்தைத்தான். அப்படியொரு கைது சட்டத்தில் இல்லவே இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல வேண்டிய அளவுக்கு அது பரவியது. என் மகன் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதே இல்லை. அவனை அந்தக் கும்பல் நெருங்க முடியாது. அவனுடைய பாட்டியிடம் "எடுக்காதீர்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் அவருடைய கை தானாகப் போகிறது.

பல நேரங்களில் இந்த மோசடிகளைக் கடைசி நிமிடத்தில் தடுத்தவர்கள் உங்கள் ஊழியர்கள்தான். வைப்புத்தொகையை முறிக்க வந்த முதியவரின் பதற்றத்தைக் கவனித்து, "எதற்கு இவ்வளவு பணம், யாருக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டதால் பணம் தப்பிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அந்தக் கேள்வியைச் செயலி கேட்பதில்லை. கவுண்டர்களைக் குறைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் மனிதரையும் சேர்த்தே குறைக்கிறீர்கள்.

காகிதம் முதியவர்களுக்கு மட்டும்தான் பயன்படுகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்கென்று என் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாய் பிடிக்கப்பட்டுவந்தது. அதற்கான குறுஞ்செய்தி ஆங்கிலத்தில், விளம்பரங்களுக்கு நடுவே எங்கோ வந்து போயிருக்கும். என் பாஸ்புக்கையும் வாங்கிச் சென்று பதிந்துவந்த தாயார்தான், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, "இது என்ன, நீ கேட்டாயா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. பணம் போனதற்கு ஓசையும் வந்ததற்கு ஓசையும் கைபேசியில் கேட்டுப் பழகிய என் மகனின் தலைமுறைக்கு, ஓராண்டின் வரவு செலவை வரிசையாக ஒரே இடத்தில் பார்க்கும் வழக்கமே ஏற்படவில்லை. அவர்களுக்கும் அந்த ஏடு தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை வழங்கும் கவுண்டர் இருக்க வேண்டும் என்றும், 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுறுத்தல் எங்கள் கிளையில் சுவரில் ஒட்டிய தாளாகத்தான் இருக்கிறது; அந்தத் தாளுக்குக் கீழே உள்ள நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அதை முதலில் நடைமுறைப்படுத்துங்கள். பாஸ்புக் பதிவதை இயந்திரத்தோடு கவுண்டரிலும் செய்துகொடுங்கள். இடைப்பட்ட வரிகளைத் தொகுக்காமல் முழுமையாக அச்சிட்டுத் தாருங்கள். குறுஞ்செய்திகளைத் தமிழில் அனுப்புங்கள். முன்பின் அறியாத கணக்குக்குப் பெருந்தொகை போகும்போது, விரும்பிக் கேட்கும் முதியவர்களுக்காவது அந்தப் பரிமாற்றத்தை ஒருநாள் நிறுத்திவைத்து, கிளையிலிருந்து தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அழைப்பை எடுத்தே தீரும் அந்தப் பழக்கம் அப்போது அவர்களைக் காப்பாற்றும்.

செலவாகும் என்று சொல்வீர்கள். 1969க்குப் பிறகு சிற்றூர்களில் கிளை திறந்தபோதும் செலவானது. அன்று நூறு ரூபாயும் ஐம்பது ரூபாயுமாக இவர்கள் கொண்டுவந்து கட்டிய பணத்தில்தான் அந்தக் கிளைகள் நிமிர்ந்தன.

ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்ற வசதி 2021இலிருந்து இருந்தும், நவம்பர் வந்தால் ஓய்வூதியர்கள் உங்கள் கிளைகளைத் தேடி வருகிறார்கள். அடுத்த நவம்பரில் அப்படி வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்தச் சேவை கவுண்டரில் வேண்டும், எதைக் கைபேசியில் செய்துகொள்வார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எந்தக் கவுண்டரை மூடுவது என்ற முடிவை அதைப் படித்த பிறகு எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியொன்றில் தாயும் மகளுமாகக் கணக்கு வைத்திருப்பவர்களில் மகள்