ரொம் குரூஸும் இரண்டு கயிறும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஹட்டனில் மழை விட்டபாடில்லை. கொழுந்து மட்டும் குறையில்லாமல் வருகிறது.

இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். மிஷன் இம்பொசிபிள் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, “அந்த ஆளுக்குச் சாவே வராதா, இல்லை எல்லாம் கொம்பியூட்டர் வேலையா?” என்று ஒரு கேள்வி. அதே படங்களைப் பார்த்துச் சூடேறிப்போன உன் மருமகன்மார், சென் கிளெயார் அருவிப் பக்கம் ஒருவனைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒற்றன் குறும்படம் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு செய்தி. முதலாவதை விளங்கிக்கொண்டால் இரண்டாவதை என்ன செய்வதென்று தானாகத் தெரியும்.

கொம்பியூட்டர் வேலை நிறைய உண்டு. ஆனால் இந்தப் படங்களின் பெரிய காட்சிகளில் அது செய்கிற முக்கிய வேலை, கயிற்றை அழிப்பது. 2011இல் வந்த நான்காவது படத்தில் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாவின் வெளிச்சுவரில் ரொம் குரூஸ் ஏறுகிறார் அல்லவா? தொங்கியது அவரேதான். உடுப்புக்குள்ளே ஹார்னஸ், அதாவது உடம்பைத் தாங்குகிற பட்டிக் கட்டு, அதிலிருந்து எஃகுக் கம்பிகள். கண்ணாடிகளைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளே துளையிட்டு அவற்றைப் பிணைத்திருந்தார்கள். படத்தில் கம்பி இல்லை, ஆள் இருக்கிறார். அங்கே விழுவதைவிடக் கிட்ட இருந்த ஆபத்து ஹார்னஸ்தான். உடுப்புக்குள் மறைக்க இறுக்கிக் கட்டவேண்டும். இறுக்கினால் தொடையில் இரத்த ஓட்டம் குறையும். கால் அசையாமல் தொங்கினால் இரத்தம் கீழே தேங்கி, ஆள் மயங்கிப்போகலாம். இதை உன் மருமகன்மாருக்கு முதலில் சொல்லு.

2015 படத்தில் ஏர்பஸ் A400M இராணுவ விமானத்தின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டே மேலெழும்புவதும் அதே முறைதான். கம்பி விமானக் கதவு வழியாக உள்ளே போய்ப் பிணைந்திருந்தது. சுமார் 5,000 அடி உயரம், எட்டுத் தடவை எடுத்தார்கள். அந்த வேகத்தில் காற்றோடு வருகிற சிறு கல்லோ தூசியோ கண்ணைக் கெடுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டால் முகம் மறையும். அதனால் கண் முழுவதையும் மூடுகிற விசேட வில்லைகளைப் போட்டுக்கொண்டார். ஓடுபாதையைக் கூட்டித் துப்பரவாக்கி, பறவைகளை விரட்டிய பிறகே விமானம் நகர்ந்தது. வீரத்தைவிட விளக்குமாற்றுக்கு வேலை அதிகம்.

எனக்குப் பிடித்தது 2018இல் வந்த ஆறாவது படம். கதையில் பாரிஸ் வானம். குதித்தது அபுதாபியில், C-17 இராணுவ விமானத்திலிருந்து 25,000 அடியில். அந்த உயரத்தில் ஒக்சிஜன் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். குதிப்பதற்கு முன்பே தூய ஒக்சிஜனைச் சுவாசித்து இரத்தத்திலுள்ள நைதரசனை வெளியேற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அப்படிச் செய்யாவிட்டால் அழுத்தம் குறையும்போது நைதரசன் குமிழியாகிவிடும். கடலில் சுழியோடுகிறவன் அவசரமாக மேலே வந்தால் வருகிற அதே வருத்தம். அதோடு அந்திநேர வெளிச்சம் வேண்டும், அது கிடைப்பதோ நாளுக்கு மூன்று நிமிடம். கூடக் குதித்த கமராக்காரர் கிரெய்க் ஓ'பிரையனின் தலையில்தான் கமரா. ரொம் குரூஸ் அவருக்கு மூன்று அடிக்குள் வந்து நிற்கவேண்டும். தவறினால் முகம் மங்கும், அன்றைய நாள் போச்சு. முகம் தெரிவதற்காக உள்ளே விளக்கு வைத்த ஹெல்மட்டைத் தனியாகச் செய்தார்கள். மொத்தம் 106 குதிப்பு.

அதே படத்தில்தான் உடையாத மனிதன் உடைந்ததும். 2017 ஓகஸ்டில், லண்டனில் ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிற காட்சி. கம்பி கட்டியிருந்தது, விழ வழியில்லை. உடம்பைச் சுவரில் மோதி, பிறகு பிடித்து ஏறவேண்டும் என்பது திட்டம். உடம்புக்கு முன் பாதம் சுவரில் பட்டு மடங்கியது. கணுக்கால் எலும்பு போய்விட்டது. கம்பி ஆளைத் தாங்கும், காலை எங்கே வைப்பதென்று சொல்லாது. அப்போது வயது 55. அந்தக் காலோடு எழும்பி, கமராவைத் தாண்டி நொண்டி ஓடினார். படத்தில் இருப்பது அந்தத் தடவைதான், நிறுத்தி நிறுத்திப் பார். படப்பிடிப்பு வாரக்கணக்கில் நின்றது.

அந்தப் பாடம் அடுத்த படத்தின் கால அட்டவணையில் தெரிகிறது. மோட்டார் சைக்கிளோடு நோர்வே மலையுச்சியிலிருந்து பாய்கிறாரே, 2023 படம். அதைப் பிரதான படப்பிடிப்பின் முதல் நாளிலேயே எடுத்தார்கள், 2020 செப்டெம்பரில். நடுவில் வைத்து ஆளுக்கு ஏதும் நடந்தால் பாதிப் படம் வீண். முதல் நாளில் நடந்தால் நட்டம் குறைவு. கல்நெஞ்சக் கணக்குத்தான், ஆனால் சரியான கணக்கு. முன்னேற்பாடாக 500க்கு மேற்பட்ட வான்குதிப்பு, 13,000 மோட்டார் சைக்கிள் பாய்ச்சல். உடம்பில் ஜி.பி.எஸ். பொருத்தி, எந்த வேகத்தில் எங்கே போய் நிற்பார் என்று அளந்து, கமராக்களை அதற்கேற்ப வைத்தார்கள். மேடையைவிட்டு வெளியே வந்ததும் வண்டியிலிருந்து பிரியவேண்டும். சுணங்கினால் வண்டியோடு சிக்குவார். பரசூட் மலையைப் பார்த்துத் திரும்பி விரிந்தால், உயரம் இருந்தும் பிரயோசனமில்லை. அன்று ஒரே நாளில் ஆறு தடவை பாய்ந்தார்.

எல்லாம் இப்படிப் பெரிய கணக்கு என்று நினைக்காதே. 1996இல் வந்த முதல் படத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே கிடையாக நிற்கிற காட்சியில் தலை கனத்து முகம் தரையில் இடித்துக்கொண்டே இருந்தது. சப்பாத்துக்குள் இங்கிலாந்து நாணயங்களைப் போட்டார்கள். தராசு போல நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கூட்டத்தோடு எனக்குக் கோபம். அதே 2023 படத்தின் ரயில் காட்சிக்காகப் போலந்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பில்கோவிட்சே பாலத்தைத் தகர்க்கிற பேச்சு 2020இல் எழும்பியது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு யாராவது அப்படிச் சொன்னால் பதுளைக்காரன் சும்மா இருப்பானா? அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பாலத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். கடைசியில் இங்கிலாந்தில் டார்பிஷயர் கற்குழியொன்றில், தாங்களே கட்டிய ரயிலை விழுத்தினார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி உன் மருமகன்மார். லொறியில் மூட்டை கட்டுகிற நைலோன் கயிறு வேண்டவே வேண்டாம். நைலோன் நனைந்தால் பலம் குறையும், முடிச்சுப் போட்ட இடத்தில் கால்வாசிக்கு மேல் குறையலாம், பாறை விளிம்பில் உரசினால் கத்தி பட்ட மாதிரி. மலையேறுகிறவர்களுக்கென்று செய்த 11 மில்லிமீற்றர் கயிறு இரண்டு வேண்டும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் கட்டவேண்டும், விளிம்பில் சாக்கை மடித்து வைக்கவேண்டும். மழையில் ஊறிய சரிவில் நிற்கிற மரத்தை நம்பக்கூடாது. இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் மூச்சு அடைக்கும். தொடைப்பட்டி உள்ள ஹார்னஸ் கட்டாயம். கயிறு தளர்ந்து கிடந்து ஆள் ஒரு மீற்றர் விழுந்தாலே, இழுவை உடல் எடையின் பல மடங்காகும். ஆகவே கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். முதலில் பையனின் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டிப் பத்துத் தடவை தொங்கவிடட்டும். தொங்கினால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் செலவு என்பார்கள். அப்படியானால் அருவியை விட்டுவிட்டு, காலுக்குக் கீழே ஆறு அடியில் அகலமான தட்டு உள்ள பாறையொன்றைத் தேடட்டும். தட்டில் மெத்தை போடட்டும். கமராவை ஆளின் மட்டத்தில் வைத்து, பாதத்துக்குக் கீழே படம் வெட்டுப்பட, பின்னால் தூரத்து மலை தெரியட்டும். தட்டு படத்தில் வராது. பார்க்கிறவன் பள்ளத்தைத் தானே கற்பனை செய்துகொள்வான். பனி மூடினால் பின்னணி வெள்ளையாகி ஆழம் போய்விடும், ஆகையால் காலை ஒன்பது மணிக்குள் எடுத்து முடிக்கட்டும்.

பாறையின் உயரம் எவ்வளவு, தொங்கப்போகிறவன் எத்தனை கிலோ என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதுவரை கயிறு வாங்கவேண்டாம் என்று சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்